சாந்தினியை வரலாற்றிலிருந்து மீட்ட வரலாறு

தீயிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் மக்களைக் காப்பாற்றிய சங்கங்கள் உலகில் ஏராளம். ஒரு பெண்ணை வரலாற்றிலிருந்தே காப்பாற்றிய சங்கம் எங்கள் கூலாய் வட்டாரத் தமிழர் மேன்மைக் கழகம் ஒன்றுதான். அதன் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

அன்றைய செயற்குழுக் கூட்டத்தின் முதல் பொருள், பள்ளிப் பாடநூலில் நம் இனத்துக்கு அரைப் பக்கமே ஒதுக்கியிருப்பதைக் கண்டிப்பது. தலைவர் கமலநாதன் மேசையைத் தட்டினார். டயர் கடைக்காரர், கை கனம். தண்ணீர்ப் போத்தல் உருண்டு விழுந்தது.

“கடாரம் வென்ற இனம்லா நம்மது! நமக்கு அரைப் பக்கமா? நம்ம வரலாற்ற நம்ம ஆளு எழுதணும்!”

கை வலிக்கத் தட்டினோம். தலைவருக்குப் பின்னால் சுவரில் பெரிய சோழர் கப்பல் ஓவியம். அந்தக் கப்பல் நங்கூரமிட்ட இடத்தில்தான் எங்கள் மண்டபம் எழும்பியிருக்கிறது என்பது தலைவரின் ‘ஆய்வு முடிவு’. கூலாயில் கடல் ஏது என்று கேட்டவர் இப்போது கழகத்தில் உறுப்பினர் இல்லை. நம் வரலாற்றை நம்மவரே எழுத வாய்ப்புத் தரவேண்டும் என்ற மகஜர் ஏகமனதாக நிறைவேறியது.

கறிப்பாப் பலகாரமும் தே தாரேக் தேநீரும் வந்தன. கூடவே எங்கள் உறுப்பினர் மூர்த்தி வந்தார், செனாய் தொழிற்சாலை டெக்னீஷியன். பின்னால் அவர் மகள் சாந்தினி. மூர்த்தி எழவு வீட்டிலிருந்து வந்தவர்போல நாற்காலியில் சரிந்தார்.

“யூனிவர்சிட்டி ரிசல்ட் வந்துருச்சு. பிள்ளைக்கு… வரலாறு.”

மண்டபத்தில் மென்று கொண்டிருந்த வாய்களெல்லாம் நின்றன.

“அலமாக்! நல்லா பாத்தீங்களா?” என்றார் பொருளாளர் தேவானந்தன். ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி.

“ரெண்டு தடவ பாத்துட்டேன் சார்.”

“குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருக்கா?”

“எங்க பரம்பரையிலயே கிடையாது.”

“அப்ப பயப்படாதீங்க. ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சு. ரயுவான் போட்டா சரியாயிடும்.”

ரயுவான் என்றால் மேல்முறையீடு. கேட்ட பாடம் கிடைக்காத பிள்ளைக்காக மன்றாடி எழுதுவது. எங்கள் கழகம் அதில் கைதேர்ந்தது.

சாந்தினி எழுந்தாள். “அங்கிள், நான் கேட்டதே அதுதான். முதல் சாய்ஸ்.”

“பாவம், அதிர்ச்சி” என்று தேவானந்தன் என் காதில் சொன்னார். ‘மாணவி அதிர்ச்சியில் பேசினார்’ என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

“அதிர்ச்சியெல்லாம் இல்ல அங்கிள். யூனிவர்சிட்டிக்கு முன்ன எஸ்.டி.பி.எம். படிக்கிறப்ப ரப்பர் தோட்டத்துல இருந்த வயசானவங்க ரெண்டு பேர பேட்டி எடுத்தேன். இந்த மண்டபம் இருக்கிற எடத்துல முன்ன கள்ளுக்கடை இருந்துச்சாம். கருப்பாயின்னு ஒருத்தவங்க, பால்மரம் வெட்டுறவங்க, பொம்பளைங்கள சேத்துக்கிட்டு வந்து கடைய மூட வச்சிருக்காங்க. அத யாருமே எழுதல. நான் எழுதணும்.”

தலைவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். கப்பல் இருந்த இடத்தில்தான் இருந்தது.

“நம்ம மண்டபம் கள்ளுக்கடையா?”

“ஆமா அங்கிள். அத யாரு நடத்துனாங்கன்னும் சொன்னாங்க. அவரு பேரு…”

“நேரமாச்சு! தீர்மானத்துக்குப் போவோம்!” என்றார் தலைவர். தலைவரின் தாத்தா அதே தோட்டத்தில் ‘பானங்கள் வணிகம்’ செய்தவர் என்று தலைவரின் மணிவிழா மலரில் படித்த ஞாபகம்.

சாந்தினி விடவில்லை. “நம்ம ஆளு எழுதணும்னு இப்பதானே கத்துனீங்க? வெளிய கேட்டுச்சே.”

“நம்ம ஆளு எழுதணும்னுதாம்மா சொன்னோம்” என்றார் தலைவர் கனிவாக. “நம்ம வீட்டு ஆளுன்னா சொன்னோம்?”

இதைவிடத் தெளிவாக எந்தத் தலைவராலும் கொள்கை விளக்கம் தர முடியாது. சரக்குப் போக்குவரத்துப் படிப்பான லோஜிஸ்டிக்ஸ் கேட்டு ரயுவான் போடுவதென்று முடிவாயிற்று.

“கப்பல்ல சரக்கா வந்த சனம்லா நாம” என்று தலைவர் தழுதழுத்தார். “இனிமே சரக்க நாம அனுப்புவோம்!” கடாரம் வென்றவர்கள் ஒரு கறிப்பாப் தின்று முடிப்பதற்குள் சரக்காகிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

ரயுவான் போடத் தன் இணையக் கணக்கின் கடவுச்சொல்லைத் தர சாந்தினி மறுத்தாள். அவள் அம்மா புஷ்பவள்ளி சாப்பிட மறுத்தார். நம் குடும்பங்களில் இந்தப் போட்டியில் பிள்ளைகள் ஜெயித்ததில்லை. மூன்றாம் நாள் கடவுச்சொல் வந்தது, சோறு இறங்கியது, ரயுவான் ஏறியது, லோஜிஸ்டிக்ஸ் கிடைத்தது. தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். மேடையில் சாந்தினி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று நானே ஒலிபெருக்கியில் அறிவித்தேன்.

நான்கு ஆண்டுகள் கழித்துக் கல்வி அமைச்சிலிருந்து மகஜருக்குப் பதில் வந்தது. எங்கள் கோரிக்கை நியாயமானதாம். நம் மக்களைப் பற்றி ஒரு முழு அத்தியாயமே எழுதலாமாம். எழுதுவதற்கு நம்மவரில் வரலாற்றுப் பட்டதாரி ஒருவரை மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டுமாம். இல்லாவிட்டால் அரைப் பக்கமே தொடருமாம்.

மூவாரிலிருந்து பெக்கான் நானாஸ் வரை தேடினோம். டாக்டர் கிடைத்தார், வக்கீல் கிடைத்தார், சிங்கப்பூரில் வேலை செய்யும் இன்ஜினியர்கள் லோரி லோரியாகக் கிடைத்தார்கள். வரலாறு மட்டும் எந்த வீட்டிலும் இல்லை. அவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றியிருந்தோம்.

கடைசியில் தலைவரும் நானும் செனாயில் ஒரு கிடங்குக்குப் போனோம். மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு சாந்தினி லோரிகளை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கருப்பாயி கதைய ஒரு அத்தியாயமா எழுதித் தாம்மா” என்றார் தலைவர். “கள்ளுக்கடை யாருதுன்னு மட்டும் வேணாம்.”

“எனக்கு முழுசாத் தெரியாது அங்கிள். படிச்சிட்டு திரும்பப் போயி நல்லா கேக்கணும்னு வச்சிருந்தேன். நான் பேட்டி எடுத்த அந்த ரெண்டு பேருமே செத்துட்டாங்க.”

நான் தரையைப் பார்த்தேன். தலைவருக்குத்தான் இனப்பற்று அடங்கவில்லை.

“அப்ப அந்த அரைப் பக்கத்துக்கு என்னாதான்லா செய்யறது?”

சாந்தினி ஒரு லோரியைப் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டுத் திரும்பினாள்.

“அதுவும் வேணாம்னு ரயுவான் போடுங்க அங்கிள். உங்க ரயுவான்தான் பலிக்குமே.”