கூடும் இடம்: புளியமரத்தடி

ஒன்பது பேர் தங்கியிருந்த இடத்தில் ஏழு பேரைக் கரடிக்கு எதிரே வரிசையாக நிறுத்தியவன் நான். சும்மா வரிசை இல்லை. ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து, ஓடாமல், பேசாமல், செருப்பு மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். என் தொழில், பாதுகாப்பு அதிகாரி. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் மேலப்பாளையத்தில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஆறு மாதம் பாதுகாப்புப் படிப்புப் படித்துவிட்டு சவூதிக்குப் போனேன். கட்டுமானத் தளத்தில் வேலை. தலையில் வெள்ளை ஹெல்மெட், கழுத்தில் விசில். ஆபத்து என்றால் மூன்று முறை நீளமாக ஊத வேண்டும். எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெட்டவெளியில் குறித்து வைத்த இடத்துக்கு வந்து கூட வேண்டும். ஆளை எண்ண வேண்டும். அவ்வளவுதான். அங்கே நாங்கள் பயந்ததெல்லாம் தீயும் கிரேனும்தான். விலங்கு எதுவும் எங்களைத் தேடி வந்ததில்லை. (ஒரு தடவை ஒட்டகம் வந்தது. அது தானாகவே கூடும் இடத்தில் போய் நின்றுகொண்டது.)

விடுமுறையில் வந்தபோது ஜமீலாவுடன் எனக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணமான முதல் வருஷம் மாப்பிள்ளை சொல்லுக்கு மறுசொல் கிடையாது. மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்தால் மின்விசிறி அவர் பக்கம் திரும்பும். மாப்பிள்ளை தும்மினால் நாலு பேர் சுக்குக் காப்பி போடப் போவார்கள். இந்தப் பதவியில் இருப்பவன் கொஞ்சம் அடக்கமாக இருந்திருக்கலாம். நான் இல்லை. மாமனார் வீட்டு சிலிண்டரை இடம் மாற்றினேன். மாடிப்படியில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டேன். மாமா, அதாவது என் மாமனார், வருகிறவர்களிடமெல்லாம், "மாப்ள பாதுகாப்பு ஆபீசரு. ஆயிரம் பேரு உசுரு அவுக கையிலல்லா இருக்கு!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. (தளத்தில் மொத்தமே நூற்றெண்பது பேர்.)

சாரல் காலம். மணிமுத்தாறு அணைக்கு மேலே, மலையடிவாரத்தில் ஒரு ரிசார்ட்டுக்குக் குடும்பமாகப் போனோம். மாமா, மாமி, ஜமீலா, அவள் அண்ணன் காதர் மச்சான், அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகள், மூட்டுவலியால் ஆள் பிடிக்காமல் எழவே முடியாத ஜமீலாவின் பெரியம்மா, நான். வேனில் எங்களோடு ஒரு முழுப் பலாப்பழமும், மாமி இரண்டு நாள் கண் விழித்துச் செய்த மாப்பிள்ளைப் பலகாரமும் ஓலைப்பெட்டியில் வந்தன. தம்மடை, நெய்யில் குளித்த பணியாரம், இன்னும் என்னென்னவோ. பெட்டியை மறுநாள் காலையில் மாப்பிள்ளைதான் தன் கையால் திறக்க வேண்டும். அதுவரை வேறு யாரும் தொடக் கூடாது.

வரவேற்பு மேசையில் மேனேஜர் ஒரு பதிவேட்டை நீட்டினார். 'வனவிலங்குகளால் ஏற்படும் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

"அதெப்படிப் பொறுப்பில்லை?" என்றேன். குடும்பமே என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தீயணைப்பான் எங்கே, முதலுதவிப் பெட்டி எங்கே, கூடும் இடம் எது என்று வரிசையாகக் கேட்டேன்.  சோலார் வேலி இருக்கிறது என்று மட்டும் மேனேஜர் சொன்னார். நான் பேனாவை வாங்கி அச்சடித்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'பாதுகாப்புப் பொறுப்பு: ஷாகுல், பாதுகாப்பு அதிகாரி.' அடியில் இரண்டு கோடு வேறு.

அங்கே சமையலையும் அறைகளையும் பார்த்துக்கொண்டவர் முத்துலட்சுமி அக்கா. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் கொழுந்து பறித்துவிட்டுக் கீழே இறங்கியவர். பலாப்பழத்தைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"சார், இங்கன கரடி வந்து போவும். பலாப்பழம், நெய்ப் பலகாரம் எதையும் ரூம்பு பக்கம் வைக்காதிய. ஸ்டோர்ல இரும்புக் கதவு இருக்கு. குடுங்க, காலைல எடுத்துத் தாரேன்."

மாமி ஓலைப்பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டார். "மாப்ள கை படாத பெட்டிய அடுத்தவுக அடுப்படியிலயா வைக்க?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. மாப்ள சொல்லட்டும்," என்றார் மாமா.

மாப்பிள்ளை சொன்னான். அறைக்குள் வாசலை ஒட்டிப் பொருள் வைத்தால் ஆபத்து நேரத்தில் காலில் தடுக்கும். ஆகவே பெட்டியும் பழமும் வெளியே, வராந்தாவின் மேற்குக் கோடியில், என் அறை வாசலுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும்.

"வெளியவா?" என்று மட்டும் கேட்டார் முத்துலட்சுமி அக்கா.

"அக்கா, எனக்கு இதுதான் தொழில்," என்றேன். இன்றைக்கும் சில சமயம் பல் தேய்க்கும்போது இந்த வாக்கியம் நினைவுக்கு வந்துவிடும். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்துவிடுவேன்.

மாலை அசர் தொழுகை முடிந்ததும் ஒத்திகை வைத்தேன். முற்றத்தின் நடுவே ஒரு புளியமரம். அதுதான் கூடும் இடம். "என்ன ஆபத்தா இருந்தாலும் சரி, விசில் கேட்டதும் எல்லாரும் வெளியே வந்துடணும்," என்று மூன்று முறை சொன்னேன். மாமாவை வார்டனாக நியமித்தேன். ஆளை எண்ணுவது அவர் வேலை. ஒரு ஆள் குறைந்தால் தேட வேண்டும்.

முத்துலட்சுமி அக்கா துணி மடித்துக்கொண்டே பார்த்தார். "கரடி வந்தா கதவச் சாத்திட்டு உள்ளயே இருக்கணும் சார். நாங்க தகரத்தத் தட்டுனா அதும்பாட்டுக்குப் போயிரும். அந்த மரத்தடில கரையான் புத்து வேற இருக்கு. அதத் தோண்டத்தான் அது வருதே."

நான் கைப்பேசியில் 'புற்று, சிறு இடையூறு' என்று குறித்துக்கொண்டேன். முதல் ஒத்திகையில் நாலு நிமிஷம் ஆனது. இரண்டாவதில் இரண்டு நிமிஷத்துக்கும் கீழே. பெரியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார். எல்லோரும் கை தட்டினோம். காதர் மச்சான் மட்டும் ஒத்திகை முழுவதும் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள் என்று அவரை வைத்து ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன்.

மறுநாள் விடியல் தொழுகையான சுபுஹுக்குப் பிந்தி எழுந்தபோது சன்னலில் நன்றாக வெளிச்சம் வந்திருந்தது. மேற்குக் கோடி அறையில் நானும் காதர் மச்சானும். நடு அறையில் மாமாவும் பேத்திகளும். கிழக்கே பெண்கள். முகம் கழுவலாம் என்று கதவை ஒரு சாண் திறந்தேன். இரண்டு எட்டில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரடி உட்கார்ந்திருந்தது. கால்களுக்கு நடுவே பலாப்பழம். பக்கத்தில் ஓலைப்பெட்டி கிழிந்து கிடந்தது. மாப்பிள்ளைப் பலகாரத்தை யாரோ முறைப்படி திறந்திருந்தார்கள்.

கதவைப் பைய மூடித் தாழ்ப்பாள் போட்டேன். அதுவரை நான் செய்தது அத்தனையும் சரி. அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

ஆனால் கை தானாகக் கழுத்துக்குப் போனது. சன்னலில் வாயை வைத்து மூன்று முறை, நீளமாக, படித்த படியே ஊதினேன்.

மற்ற இரண்டு கதவுகளும் படபடவென்று திறந்தன. பெரியம்மா முதலில். பின்னால் மாமி, ஜமீலா, காதர் மச்சான் மனைவி, இரண்டு பிள்ளைகள், கடைசியாக, தொழுத தொப்பியோடும் கையில் ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணியோடும் மாமா. யாரும் ஓடவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. (திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொன்னதும் நான்தான்.) தோளில் கை வைத்து, வராந்தாவைவிட்டு இறங்கி, வெட்டவெளியில், புற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். அவ்வளவு அழகான வெளியேற்றத்தை நான் சவூதியில்கூடப் பார்த்ததில்லை.

விசில் சத்தத்தில் மிரண்ட கரடி எழுந்து நின்றது. உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிட அது மிகவும் பெரிதாக இருந்தது. அது அவர்களைப் பார்த்தது. அவர்களும் அப்போதுதான் அதைப் பார்த்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆகவே மறுபடியும் ஊதினேன்.

மாமா எண்ண ஆரம்பித்தார். அவர் உதடு அசைவது சன்னலில் எனக்குத் தெரிந்தது. எண்ணி முடித்தவர் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"மகன் தூங்குவான், தெரியும். மாப்ளயக் காணோமே!"

சொல்லிவிட்டு, வரிசையை விட்டுப் பிரிந்து, என் அறையை நோக்கி நடக்கத் தொடங்கினார். நடுவே கரடி நிற்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் வந்தார். "மாமா, வராதீங்க! நான் உள்ளேதான் இருக்கேன்!" என்று கத்தினேன். வாயில் விசில் இருந்ததால் அது வேறு விதமாகக் கேட்டிருக்கும். ஜமீலா "வாப்பா!" என்று அலறினாள். கரடி முன்காலை ஊன்றி உறுமியது. மாமா இன்னும் பத்தடி வந்தார். அந்தப் பத்தடி நேரம் நான் பயந்ததுபோல் வாழ்க்கையில் பயந்ததே இல்லை. என் உயிருக்குத் துளி ஆபத்தில்லை. நான் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"சார், அந்த எளவு விசில மொதல்ல வாயிலருந்து எடுங்க!"

முத்துலட்சுமி அக்கா. சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டு எண்ணெய் டின்னைக் கரண்டியால் அடித்தார். "பெரியவரே, அங்கனயே நில்லுங்க! கரடியப் பாத்துக்கிட்டே பைய பின்னால வாங்க! எல்லாரும் ஒண்ணாச் சேந்து இங்கன வாங்க, ஓடாதிய!"

நான் விசிலை எடுத்தேன். மாமா நின்றார். டின் சத்தம் மட்டும் கேட்டது. கரடி ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு மிச்சமிருந்த பலாப்பழத்தைக் கவ்விக்கொண்டு வராந்தாவிலிருந்து இறங்கி, வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு அறுந்து கிடந்த இடம் வழியாக நிதானமாகப் போய்விட்டது. ஏழு பேரும் சமையற்கட்டுக்குள் சேர்ந்தார்கள். கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டதும் நான் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினேன்.

காதர் மச்சான் அப்போதுதான் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன மச்சான், கொழாய் ஊதுச்சே, தண்ணி வரலியா?"

மேனேஜர் ஓடி வந்ததும் நான் பாய்ந்தேன். வேலி அறுந்து கிடக்கிறதே, யார் பொறுப்பு என்று. அவர் பதிவேட்டைத் திறந்து என் பக்கத்தை எடுத்தார். என் பெயர், என் பதவி, அடியில் இரண்டு கோடு. கையெழுத்து நன்றாகவே இருந்தது.

"ரெண்டு பேரும் சண்ட போடாதிய," என்றார் முத்துலட்சுமி அக்கா. "வேலி அறுந்து ஒரு மாசமாவுது, நான் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன். அது ஒங்க தப்பு. பலாப்பழத்த வெளிய வச்சது இந்த சார் தப்பு. அந்தச் சீவன் என்ன செய்யும், மணத்துச்சு, வந்துச்சு." மேனேஜர் அன்று மத்தியானமே வேலிக்கு ஆள் கொண்டுவந்தார். என் தப்புக்கு என்னால் ஆள் கொண்டுவர முடியவில்லை.

திரும்பும்போது வேனில் நான் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தேன். சேரன்மாதேவி தாண்டியதும் மாமி பெருமூச்சு விட்டார். "மாப்ள ஒண்ணுகூட வாயில வைக்கலியே." அதற்குப் பெரியம்மா, "ஏட்டி, மாப்ளதான் திங்கணும்னு சொன்ன. ஏதோ ஒரு மாப்ள தின்னுச்சுல்லா," என்றார். சிரிப்பில் வேன் குலுங்கியது. கல்யாணமாகி இரண்டே மாதத்தில் என் மாப்பிள்ளைப் பதவி அங்கே போனது. அன்றிலிருந்து அந்தக் கரடி எனக்குச் சகலை. நோன்புப் பெருநாளைக்குப் பலகாரம் பங்கு வைக்கும்போது, "ஒங்க சகலைக்கு எடுத்து வைக்கவா?" என்று இன்றும் கேட்கிறார்கள்.

வீட்டில் இறங்கியதும் மாமாவைத் தனியாகப் பிடித்தேன். "கரடி நிக்கிறது தெரிஞ்சும் ஏன் மாமா வந்தீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நீங்கதான சொன்னிய, ஆளு கொறஞ்சா தேடணும்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் முடியவில்லை.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் சவூதியில் அதே வேலைதான் பார்க்கிறேன். ஒத்திகை வைக்கும் முன் அந்த இடத்தில் நெடுநாள் இருப்பவரைத் தேடிப் போய், இங்கே என்ன வரும் என்று கேட்டுவிட்டுத்தான் விசிலைத் தொடுகிறேன். ஊரில் என் நிலைமை வேறு. விடுமுறைக்கு வரும்போது எங்காவது கிளம்ப, ஆட்டோ வந்து நின்று, நான் வாசலிலிருந்து "எல்லாரும் வெளியே வாங்க!" என்று கூப்பிட்டால் போதும், உள்ளே ஒவ்வொரு கதவாகத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். ஜமீலாவின் ஏற்பாடு. நாலு வயது மகள் சன்னலில் ஏறி நின்று கேட்பாள்: "வாப்பா, வெளிய என்ன நிக்கி? சொல்லுங்க, பொறவு வாறோம்."

ஆட்டோக்காரர் உட்படத் தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன். மாமா மட்டும் ஒவ்வொரு தடவையும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றுவிடுவார்.