சிவானந்தன் வீட்டு றொஸ்லிங்

றொம்மன், ஒஸ்லோ
செப்ரெம்பர் 2006

பேரன்புள்ள குகநேசன் மாமாவுக்கு மருமகன் கபிலன் எழுதிக்கொள்வது. திராமனில் நீங்களும் மாமியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே அனைவரும் நலம், பல்கனியில் நிற்கிற செடியைத் தவிர. வருகிற சனிக்கிழமை காலை நீங்கள் காரோடு வந்து அப்பாவை எப்படியாவது கடத்திக்கொண்டு போக வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பு நிர்வாகத்தின் தலைவி பெரித் கோடையில் வந்து, அம்மாவின் மிளகாய்ச் சாடிகள் பல்கனிக்கு அழகில்லை, எல்லாரையும் போல றொஸ்லிங் வையுங்கள் என்றா. மலையில் ஆடு கடிக்கிற அந்த ஊதாப் பூப் பற்றைதான். மலையில் நின்றால் பற்றை, சாடியில் நின்றால் பண்பாடு. நான் சண்டைக்கு ஆயத்தமானேன். அப்பாவோ "ஓம் ஓம்" என்று தலையாட்டிவிட்டு, அடுத்த நாளே குறொன்லாண்ட் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு கையும் நிறைய வாங்கி வந்து, நிலத்தளத்துப் பல்கனிக் கம்பி நெடுக அடுக்கினார். மிளகாய் எங்கே என்று கேட்டேன். குடுத்தாச்சு என்றார். கந்தோர் கந்தோராக நிலம் துடைச்சு வளைஞ்ச முதுகு இதுக்கும் வளையுதே எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அம்மா சிரிச்சுக்கொண்டு குசினிக்குள்ளை போயிட்டா.

அண்டையிலிருந்து விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, படுக்க முன்னம் ஒருக்கா வாளியோடை பல்கனிக்குப் போறார். கதவைப் பூட்டித் திறப்பைச் சேட்டுப் பைக்குள்ளை வைச்சிருக்கிறார், நான் போகேலாது, செடிக்கு ஆள் நடமாட்டம் ஆகாதாம். இவ்வளவு காலமும் படியிலை கண்டால் சுவரைப் பாத்துக்கொண்டு போன சனம் இப்ப நிண்டு கதைக்குது மாமா. மூண்டாம் மாடிக் கிழவர் கேக் கொண்டந்து தந்தவர். வாற சனி டுக்னாட், எல்லாரும் கூடி முற்றம் துப்புரவாக்கிற நாள். அண்டைக்குச் சிவானந்தன்தான் றொஸ்லிங் வளர்க்கப் பழக்குவார் எண்டு பெரித் அறிவித்தல் ஒட்டிப்போட்டா. அப்பா சேட் அயன் பண்ணி வைச்சிருக்கிறார்.

போன ஞாயிறு பல்கலைக்கழக விடுதியிலையிருந்து வீட்டை வரேக்கை, வெளியிலை நிண்டு ஒரு பூவைத் தொட்டன். மொறுக்கெண்டு கையோடை வந்திட்டுது. பக்கத்துச் சாடியும் அப்பிடித்தான். எல்லாம் எப்பவோ செத்துப்போச்சு, இந்தச் சனியன் செத்தாலும் நிறம் போகாது. மண் காஞ்சு வெடிச்சுக் கிடக்கு, அவர் ஊத்திற தண்ணி எங்கை போகுதெண்டு விளங்கேல்லை. சனிக்கிழமை ஆரும் ஒருத்தர் தொட்டால் போதும், அப்பா பழையபடி படியிலை கண்டும் காணாத ஆள்தான். மனிசனுக்குக் குடுக்காத மரியாதையைச் செத்த பற்றைக்குக் குடுத்த சனம், திருப்பி வாங்கவும் வெக்கப்படாது. உங்களுக்கு நெஞ்சு நோகுது எண்டு பொய் சொல்லியாவது அவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

மாமிக்கும் மச்சாள் யாழுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் நெஞ்சு உண்மையில் நோகாமலிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்,
கபிலன்

பி.கு.: உறையை ஒட்ட முதல் மனம் கேளாமல் அப்பாட்டைச் சொல்லிப்போட்டன். சிரிக்கிறார். "அது வந்த கிழமையே செத்திட்டுதடா. நான் அதுக்கே தண்ணி ஊத்தினனான்?" எண்டு கதவைத் திறந்து காட்டினார். பற்றைக்குப் பின்னாலை அம்மாவின்ரை மிளகாய், காயும் பழமுமாய். அப்ப சனிக்கிழமை என்னத்தைப் பழக்குவியள் எண்டு கேட்டன். "தொடாதையுங்கோ எண்டுதான். சொன்னால் இந்தச் சனம் தொடாது." ஆனபடியால் கடத்த வரவேண்டாம். வெறும் பையோடை வாங்கோ, பழுத்தது கூடிப்போச்சு.