தமக்குத் தாமே மகனான தலைவர்

ஒரு காட்டில், போர் முடிந்து எட்டு வருடம் ஆகியும் வெற்றி விழா முடியவில்லை. செந்நாய்ப் படையைத் துரத்தியடித்த மாவீரர் கோரைப்பல்லார் என்ற காட்டுப்பன்றிக்குச் சிலை, கட்-அவுட், பேச்சுப்போட்டி, பொது விடுமுறை என்று எல்லாம் நடந்துகொண்டிருந்தன. ஒரே ஒரு சங்கடம். அவர் சாகவில்லை.

போரில் கால் முறிந்து, மலைச்சுனைப் பக்கம் போய்ப் படுத்தவர் அங்கேயே தங்கிவிட்டார். சுனை வற்றியதும் பசி தாங்காமல் இறங்கி வந்தார். அவருக்கு வேண்டியது கிழங்கு. அது விளையும் ஒரே திடலில் அவருடைய நினைவிடம் எழும்பியிருந்தது.

வாசலில் முள்ளம்பன்றி காவல் நின்றது.

"செருப்பை விட்டுட்டு டோக்கன் வாங்கிட்டு வாங்க."

"நான் செருப்பே போடலையேப்பா."

"அப்ப டோக்கன் கிடையாது. டோக்கன் இல்லாம உள்ள விடமாட்டோம்."

"தம்பி, இது என் நினைவிடம். நான்தான் கோரைப்பல்லார்."

முள்ளம்பன்றி சிலையை அண்ணாந்து பார்த்தது. யானைத் தந்தம்போல இரண்டு பற்கள், வானத்தை நோக்கி வால். எதிரே நிற்பவருக்கோ ஒன்றரைப் பல், வால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. "தலைவர் பேரைக் கெடுக்காதீங்க பெரியவரே" என்று முள்ளைச் சிலிர்த்தது.

கோரைப்பல்லார் தாசில்தார் ஆபீசுக்கு நடந்தார். அங்கே வரிசை. முயல் சாதிச் சான்றிதழுக்கும், பாம்பு சட்டை உரித்தபின் போட்டோ மாற்றவும் நின்றிருந்தன. மூன்று நாள் பட்டினியோடு நின்று மேசையை அடைந்தால், தாசில்தார் நாற்காலியில் ஆமையார். போரில் அவர் பக்கத்திலேயே நின்றவர்.

"அடடே, தலைவரே. வாங்க, உட்காருங்க. கால் இப்ப தேவலையா?"

கோரைப்பல்லாருக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு வருடத்தில் அவரை அடையாளம் கண்ட முதல் ஜீவன். "நான் உயிரோட இருக்கேன்னு ஒரு வரி எழுதிக் குடு ஆமை. போய்க் கிழங்கு தின்னுட்டுப் பேசாம இருந்துடறேன்."

"அது மட்டும் முடியாதுங்க. உங்க ஃபைலை மூடியாச்சு. திறந்தா லீவு போயிடும், காடே என்னைத் தின்னுடும்." ஆமையார் கழுத்தை நீட்டிக் குரலைத் தணித்தார். "வாரிசுச் சான்றிதழ் வேணா தரேன். தலைவரோட வாரிசுக்கு டோக்கனே வேண்டியதில்ல, எங்க வேணா தோண்டலாம்."

"எனக்குத்தான் பிள்ளையே இல்லையே."

"அதான் வசதி. ஆட்சேபம் சொல்ல ஆள் வராது."

படிவம் நிரம்பியது. பெயர்: சின்னக் கோரைப்பல்லார். தந்தை: பெரிய கோரைப்பல்லார். தந்தை இறந்த வயது பத்து, மகனின் வயது பதினெட்டு. ஆமையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

மறுநாள் காடே மேளதாளத்தோடு திரண்டு வந்தது. முள்ளம்பன்றி காலில் விழுந்ததில் நாலு பேருக்குக் காயம். மாலை போட வந்த மான் உற்றுப் பார்த்துவிட்டு, "முகஜாடை இருக்கு. ஆனா அப்பாவோட கம்பீரம் வரலை" என்று பெருமூச்சு விட்டது.

"எப்படி வரும்? அவர் எங்கே, நான் எங்கே" என்று வாய் நிறையக் கிழங்கோடு சொன்னார் வாரிசு. அவருக்கு உள்ளூர வலித்தது. கிழங்கு ருசியாகவும் இருந்தது.

நாலு மாதம் கழித்துச் செந்நாய்கள் ஓடையைத் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தது. எல்லாரும் நினைவிடத்துக்கு ஓடிவந்தார்கள். "நீங்கதான் வழி சொல்லணும் தலைவரே."

அவருக்கு வழி தெரியும். குட்டிகளை நடுவில் விட்டு, கொம்புள்ளவர்கள் வெளிப்பக்கம் பார்த்து வட்டமாக நிற்க வேண்டும். போன தடவையும் அதைத்தான் செய்தார். சொல்ல வாயைத் திறந்தவர், போன தடவை ஜெயித்தபின் தமக்கு என்ன கிடைத்தது என்று ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சிலையின் பீடத்தில் ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் அப்பா உங்களுக்காக உயிரையே கொடுத்தார். அந்தத் தியாகத்தை நீங்கள் மறக்கக் கூடாது."

அவ்வளவுதான் பேச்சு. கூட்டம் மெய்சிலிர்த்துக் கைதட்டியது. செந்நாய்கள் நினைவிட வேலிக்கு அருகில் வந்துவிட்டதால், பாதிப்பேர் ஓடிக்கொண்டே தட்டினார்கள்.

நீதி: நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவருக்குப் பிள்ளையாகப் பிறப்பது உத்தமம். அதற்கு வாய்ப்பில்லாதவர்கள் உயிரைக் கொடுத்துவிட்டு, தங்களுக்குத் தாங்களே பிறந்துகொள்ளவும்.