சட்டசபையில் நீ சொன்ன சோதனையும் எங்கள் வீட்டுக்கு வந்த நாயும்

பத்துபஸ்தி, போர்ட் பிளேர்
புதன்கிழமை, பாப்பா தூங்கிய பிறகு

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினரும் எனக்கு மூத்தவருமான செந்தமிழன் அண்ணன் அவர்களின் சமூகத்துக்குத் தங்கை சௌமியா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், தங்கள் மாப்பிள்ளை ஸ்ரீதரும், என் மாமியார் சொர்ணம்மாளும், பாப்பாவும் கடலும் மழையும் சூழச் சுகமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் அண்ணியும் அம்மாவும் தொகுதி மக்களும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன். (மாண்புமிகு என்பதை மந்திரிக்குத்தான் போடணும் என்கிறார் இவர். கிடக்கட்டும், ஒருநாள் உதவும்.)

போனில் பேசியிருக்கலாம். ஆனால் எப்போதும் தங்கள் உதவியாளர் ஜம்புலிங்கம்தான் எடுக்கிறார். "அண்ணே, வீட்டுக்கு ஒரு நாய் வந்து..." என்று ஆரம்பித்ததுமே, "தெருநாய்னா நகராட்சிக்கு மனு கொடுங்கம்மா" என்று வைத்துவிட்டார். அதனால் இந்தக் கடிதம், நாளைக் காலை சென்னைக்கு விமானம் ஏறும் எதிர்வீட்டு செலின் அக்கா கையில் வருகிறது. விஷயம் பெரியது. அடுத்த மாதம் பாப்பாவுக்குக் காதுகுத்து. அவளை மடியில் வைக்கப்போகும் தாய்மாமன் தாங்களா, அல்லது செலின் அக்கா வீட்டுக்காரர் சிலுவைராஜ் அண்ணனா என்பதுதான் இப்போது இங்கே கேள்வி.

போன வாரம் சட்டசபையில் தாங்கள் போதைப்பொருள் பற்றிப் பேசியதை எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே பார்த்தேன். "விற்கிறவன் குற்றவாளி, அடிமையானவன் நோயாளி. நோயாளியை லாக்கப்பில் போட்டால் நோய் போகுமா? தாலுகாவுக்கு ஒரு சிகிச்சை மையம் திறங்கள்" என்று தாங்கள் கேட்டபோது எனக்கு நெஞ்சே நிறைந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா? மேஜையைத் தட்டிவிட்டார்கள் என்ற குஷியில், "ஊருக்குச் சொல்லுமுன் அவரவர் வீட்டைப் பார்ப்போம்! அந்தமானில் இருக்கும் என் சொந்தத் தங்கை வீட்டையே சோதனை போட வைத்தவன் நான்!" என்று ஒரு போடு போட்டாயே, எப்போ அண்ணா வைத்தாய்? யாரை வைத்து வைத்தாய்? எதிர்க்கட்சியில் ஒருத்தர் எழுந்து "என்ன கிடைத்தது?" என்று கேட்கிறார், சபையே சிரிக்கிறது, நீ தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிக்கிறாய். வீடியோ அங்கேயே முடிந்துவிடுகிறது. நீ தம்ளரைக் கீழே வைப்பதற்குள் இங்கே எல்லாருக்கும் பதில் தெரிந்துவிட்டது.

பால்காரர் பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். மாடி வீட்டு மாமி சர்க்கரை வாங்க வந்தவர், நான் டப்பாவை நீட்டியதும், "வேண்டாம்மா, டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கார்" என்று பின்வாங்கினார். ஹேடோ துறைமுக ஆபீசில் இவரைச் சுற்றி நின்றுகொண்டு, "கியா ஸ்ரீதர் பாய், எவ்வளவு கிடைச்சுது? கிலோவா, கிராமா?" என்று கேட்டார்களாம். இந்த மனுஷனுக்குக் கோபமே வராது, சிரித்து வைத்திருக்கிறார். சிரித்தால் என்ன நினைப்பார்கள்? கிலோ என்றுதான் நினைத்தார்களாம். அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் நாலு இட்லி சாப்பிட்ட தெம்பில் தீர்ப்பு சொன்னார்கள்: "குடும்ப மானத்தைச் சபையில வச்சு ஏலம் விட்ட ஆளு மடியில என் பேத்தி உட்கார மாட்டா. எதிர்வீட்டு சிலுவைராஜ் தம்பி மடி என்ன, முள்ளா?" சிலுவைராஜ் அண்ணன் பாவம், "தங்கச்சி, உனக்காக உட்காருறேன். ஆனா உங்கண்ணன் எம்.எல்.ஏ., ஆள் அனுப்பிர மாட்டாரே?" என்று நடுங்கிக்கொண்டே போய்ப் பட்டு வேட்டி வாங்கிவிட்டார். விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை, திருப்பிக் கொடுக்கலாம் என்ற ஒரு நம்பிக்கையில்.

எனக்கோ வேறு பயம். நான் அரசியல் அறிவியல் படித்தவள் அண்ணா. சபையில் பொய்த் தகவல் கொடுத்தால் உரிமை மீறல் ஆகும், உன்னைக் கூண்டில் நிறுத்தினால் அம்மா தாங்க மாட்டாள், பாப்பாவின் காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்குப் பக்கத்தில் 'இடைநீக்கம்' என்றா போடுவது என்று யோசித்து யோசித்து எனக்குப் பால்கூடச் சரியாகச் சுரக்கவில்லை. கடைசியில் ஒரு வழி தோன்றியது. நீ சொன்னது பொய்யாக இருக்கும்வரைதானே தப்பு? சோதனையைப் போட்டுவிட்டால்? பேச்சு முந்தி, சோதனை பிந்தி, அவ்வளவுதானே?

இவருடைய பழைய சிநேகிதர் பிஸ்வாஸ் பாபு, ரிட்டயர் ஆன நாய்ப் பயிற்சியாளர். வேலையில் இருந்த காலத்தில் கப்பலில் வரும் பெட்டிகளை மோந்து பார்த்த ராணி என்ற நாயும் அவரோடேயே ரிட்டயர் ஆகி அவர் வீட்டிலேயே இருக்கிறது. கூப்பிட்டதும், "ஜரூர், ஜரூர்" என்று ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்துவிட்டார். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று நானே ஜன்னல், கதவு எல்லாம் திறந்து வைத்தேன். குடியிருப்பே வந்து நின்றது. செலின் அக்கா முன்வரிசைக்கு நாற்காலி கொண்டுவந்தார்கள். இந்த மாதிரி நாய் எதையாவது கண்டுபிடித்தால் குரைக்காதாம், அதன் முன்னால் உட்கார்ந்துவிடுமாம். இதையும் பிஸ்வாஸ் பாபுவே கூட்டத்துக்கு உரக்க விளக்கிவிட்டார்.

ராணி உள்ளே வந்தது. கம்பீரமாகத் தலையைத் தூக்கி மோந்தது. நேரே போய்த் தொட்டில் முன்னால் உட்கார்ந்தது! ஜன்னலில் ஒரே சத்தம், "பைட் கயீ! பைட் கயீ! உட்கார்ந்துடுச்சு!" பாப்பா குப்புறப்படுத்து அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். பிறகு ராணி எழுந்து போய் பிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்தது. செலின் அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்கள். அப்புறம் மெதுவாகத் திரும்பி, கட்டிலில் இருந்த அத்தைக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்து, முகத்தை ஏறிட்டுப் பார்த்தது.

அத்தை அதைப் பார்த்தார்கள். அது அத்தையைப் பார்த்தது. திடீரென்று அத்தை தலையில் கை வைத்து, "சிவபிரகாஷ் விஷயம் இந்த நாய்க்கு எப்படிடா தெரியும்?" என்று ஓவென்று அழுதுவிட்டார்கள்.

சிவபிரகாஷ் அத்தையின் அண்ணன் மகன். வண்டூரில் டூரிஸ்ட் படகு ஓட்டுகிறவன். ஒரு வருஷமாக எந்த விசேஷத்துக்கும் வரவில்லை, மலேரியா, மலேரியா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலேரியா இல்லையாம் அண்ணா. ஏதோ பொடி. அத்தை ஒருத்திக்குத்தான் தெரியும். வெளியே சொன்னால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். உன்மேல் அத்தனை கோபமும் அதனால்தான், நீ எப்படியோ கண்டுபிடித்துச் சபையிலேயே ஜாடை பேசிவிட்டாய் என்று! மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்து, "ஏம்மா, நோயாளின்னு சொன்னாரே உங்கண்ணன், அது நிஜமாவா, இல்ல கைத்தட்டலுக்கா?" என்று கேட்டார்கள். "நிஜம்தான் அத்தை" என்றேன். அது ஒன்றை மட்டும் நீ யோசித்துப் பேசினாய் என்று எனக்குத் தெரியும்.

பிஸ்வாஸ் பாபுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "மேடம், ராணிக்கு முட்டி வலி. வயசாயிடுச்சு. இப்போ எங்கே போனாலும் உட்காரும்" என்று அப்போதுதான் சொல்கிறார் மனுஷன்! முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லாததும் நல்லதாகப் போயிற்று. திங்கட்கிழமை காலையில் அத்தையும் இவரும் வண்டூர் போய் சிவபிரகாஷைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. டாக்டர் பெயர் கேட்டார், சாப்பிட்டாயா என்று கேட்டார், அவ்வளவுதானாம். இன்றைக்கு அவனாகவே ஆஸ்பத்திரி மீன்குழம்பில் புளி பத்தவில்லை என்று சண்டை பிடித்திருக்கிறான். அத்தை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பால்காரர் உள்ளே வந்து பால் ஊற்றுகிறார். மாடி வீட்டு மாமி, "எங்க வீட்டுக்கு எப்போ ராணி வரும்?" என்று கேட்கிறார். நாய் வராத வீட்டைத்தான் இப்போது சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

ஆகையால் அண்ணா, சோதனை நடந்தது, பொடி கிடைக்கவில்லை, அவைக்குறிப்பில் இருப்பது இனிப் பொய் இல்லை. அத்தை இன்று சாயங்காலம், "உங்கண்ணன் வந்தா வரட்டும், பார்க்கலாம்" என்றார்கள். அவர்கள் வாயில் அது வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். கூட்டத்தொடர் முடிந்ததும் முதல் விமானத்தில் கிளம்பு. ஒன்றே ஒன்று, உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன். இனிச் சபையில் எங்களைப் பற்றி மூச்சு விடாதே. உண்மையாக நடந்ததை மட்டும் பேசு.

அண்ணிக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம். மாமனுக்குப் பாப்பாவின் எச்சில் முத்தம், கன்னத்துக்கு ஒன்று வீதம். தங்கள் சிகிச்சை மையங்கள் தாலுகாதோறும் திறக்கட்டும், தங்கள் பதவி மேலும் உயரட்டும், தங்கள் மடி ஒரு நாளைக்காவது வேறு வேலையில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தங்கை
சௌமியா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அத்தை எழுந்து வந்து படிக்கச் சொன்னார்கள். படித்தேன். 'மூச்சு விடாதே' என்ற இடத்தில், "அதை அடி" என்றார்கள். அடுத்த முறை நீ பேசும்போது, தன் அண்ணன் மகனைத் தானே முன்வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அந்தமான் பெண்மணி என்று அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டுமாம், சிவபிரகாஷிடமும் கேட்டுவிட்டார்களாம். பெயர் வந்தால்தான் மடி. நாயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரக் கூடாதாம், மனசாட்சி உறுத்தித் தானாகவே சொன்னதாக இருக்கட்டுமாம். "அதெப்படி அத்தை, நடக்காததை நடந்ததாக அண்ணன் சபையில் சொல்லுவான்?" என்று கேட்டேன்.

"ஏன், அவருக்கு இது புதுசா?" என்றார்கள்.