மேசை பட்ட பாடு

ஏழாம் வகுப்பின் முதல் பெஞ்சு காலியாக இருந்தது. குபாத் ஆசிரியரின் முகம் நிலக்கரிப் புகை படிந்த சன்னலைப் போல இருண்டது.

"இலிம் எங்கடா?"

"அவங்க அக்கா கல்யாணம், அகாய். விடியும்போதே குதிரைல கெளம்பிட்டான்," என்றான் ஒரு மாணவன். அங்கே ஆசிரியரை 'அகாய்' என்றும் ஆசிரியையை 'எஜெகே' என்றும் அழைப்பது வழக்கம்.

முப்பது ஆண்டுகள் மல்யுத்தம் கற்பித்தவர் குபாத். ஆங்கில ஆசிரியை மாஸ்கோவுக்கு வேலை தேடிச் சென்றுவிட்டமையால், இலக்கணம் அவர் தலையில் விழுந்தது. இன்று மேற்பார்வையாளர் சைரா அசனோவ்னா பாடத்தைப் பார்வையிட வந்து, கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். பாடம் சரியில்லையெனில் வேலை போய்விடும். ஓய்வூதியத்திற்கோ இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

ஆகவே, அப்பள்ளியின் வழக்கப்படி, பாடம் மூன்று வாரங்களாக ஒத்திகை பார்க்கப்பட்டிருந்தது. ஐந்து மாணவர், ஐந்து கேள்வி, ஐந்து விடை. பெஞ்சு வரிசையில் ஆளுக்கொன்று. முதல் விடையாகிய 'பெயர்ச்சொல்' இலிமுக்கு உரியது.

"டேபிள் என்ன சொல்?" என்று குபாத் தொடங்கினார்.

இரண்டாம் பெஞ்சுக்காரன் எழுந்தான். "வினைச்சொல், அகாய்!"

குபாத்தின் தாளில் அவ்வாறு இல்லை. மீண்டும் கேட்டார். வரிசைப்படி அடுத்தவள் எழுந்தாள்.

"பெயரடை!"

"ஐயோ, நல்லா யோசிச்சு சொல்லுங்கப்பா. டேபிள்!"

"முன்னிடைச்சொல்!" என்றான் நான்காமவன்.

"இணைப்புச்சொல்," என்றாள் ஐந்தாம் பெஞ்சின் பெகாயிம், தலை குனிந்தவாறு.

சைரா அசனோவ்னா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு மேசைய இந்தப் பாடு படுத்தி நான் பார்த்ததே இல்ல. போதும், நானே கேக்கறேன். 'பிகாஸ்' என்ன சொல்?"

அனைவரும் தத்தம் விடையைச் செலவழித்துவிட்டனர். அன்று எவராலும் சொல்லப்படாமல் எஞ்சியிருந்தது ஒன்றே. வராத இலிமின் சார்பில் குபாத்தே அதை உரைத்தார்.

"பெயர்ச்சொல், சைரா அசனோவ்னா."

மேற்பார்வையாளர் குறிப்பேட்டில் நீளமாக எதையோ எழுதினார். பின்னர் பெகாயிமை அருகழைத்தார்.

"நீ சொல்லும்மா, பயப்படாத."

"பிகாஸ் இணைப்புச்சொல், எஜெகே. டேபிள் பெயர்ச்சொல். இதெல்லாம் போன வருஷமே படிச்சிட்டோம்."

"தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் எல்லாரும் தப்புத்தப்பா சொன்னீங்க?"

பெகாயிம் ஆசிரியரை ஒரு கணம் நோக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாவம் எஜெகே, அகாய் மூணு வாரமா அந்த வரிசைய மனப்பாடம் பண்ணாரு, சரியான விடையச் சொல்லி அவரக் குழப்ப வேணாம்னு நாங்கதான் பேசி வச்சிருந்தோம்."