பாதிக் கூரையும் முழுக் கையெழுத்தும்

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வயதாகியும் அது குறையவில்லை. (குறைந்ததெல்லாம் பல்லும் பார்வையும்தான்.)

மலாயாவுக்குச் சுதந்திரம், அதான் மெர்டேக்கா, வந்த வருடம் மலாக்காவில் எங்கள் காஜா பேராங்கில் பெண்களுக்கு மாலை வகுப்பு வைத்தார்கள். மற்றவர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கும்வரை போனார்கள். நான் என் பெயரை எழுதப் பழகியதோடு நின்றுவிட்டேன். மீனாட்சி! அதற்குமேல் என்ன படிப்பு வேண்டும்?

அப்போதுதான் என் நாத்தனார் கமலாவைப் பெண் பார்க்கச் சிரம்பானிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. அடுப்படியின் அத்தாப்பு ஓலைக் கூரையைப் பிரித்துத் தகரம் போட, கண்ட்ராக்டர் ரத்தினத்தைப் பிடித்தோம். பாதி போட்டார். அடுப்புக்கு மேலே வானம். அந்த நிலையில் ஒரு தாளை நீட்டினார்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கக்கா. மீதித் தகரம் வந்ததும் முடிச்சுத் தரேன்."

அதைத்தான் தாளிலும் எழுதியிருப்பார் என்று நினைத்தேன். முகத்துக்கு நேரே பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "சரியாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டேன். எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். அதோடு ஆளைக் காணோம்.

பெண் பார்க்க இன்னும் பத்து நாள்தான். ரசத்தில் மழை விழுகிறது.

"நான் போய்ப் பேசட்டுமா மீனா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க ஒன்னும் பேச வேணாம். என்கிட்ட எழுத்து இருக்கு!"

பட்டுச் சேலை கட்டி, பெச்சா ரிக்‌ஷா ஏறி, பண்டார் ஹிலிரில் ஒரு லாயர் ஆபீஸுக்குப் போனேன். அங்கே நோட்டீஸ் எழுதும் வயதான கிராணி பொறுமையாகச் சொன்னார்:

"முதல்ல ஒரு வாரம் தவணை கொடுத்து நோட்டீஸ் அனுப்பலாம்மா. முடிக்கலன்னா, வேற ஆளை வெச்சு முடிச்சுட்டுச் செலவை அவர்கிட்ட கேக்கலாம். அதுக்கும் மசியலன்னா கோர்ட்டு."

"மூணையும் இன்னைக்கே செஞ்சிடுங்க" என்று தாளை மேசைமேல் அடித்து வைத்தேன்.

கிராணி படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"வேலை முழுசா முடிஞ்சுது, எனக்குப் பரம திருப்தின்னு எழுதியிருக்கு. கையெழுத்து யாருது?"

"என்னுதுதான்" என்றேன். (அப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான்.)

"கோர்ட்டுக்குப் போனா அவருக்கு முதல் சாட்சியே நீங்கதான். ஒரு வழி இருக்கு. படிக்கத் தெரியாம போட்ட கையெழுத்துன்னு நோட்டீஸ்ல எழுதணும். தெரியாதுதானே?"

பின்னால் பெஞ்சில் நாலு பேர். கமலாவின் முகம் நினைவுக்கு வந்தது. தெரியாது என்று முணுமுணுத்தேன்.

"சத்தமா சொல்லுங்கம்மா, எனக்குக் காது மந்தம்."

"எனக்குப் படிக்கத் தெரியாது!"

பெஞ்சில் ஒருவர் இருமினார். கிராணி எழுதி முடித்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். எனக்குப் படிக்கத் தெரியாது என்ற வரிக்குக் கீழே, வாழ்நாளிலேயே அழகான கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

நாலாம் நாள் ரத்தினம் தகரத்தோடு வந்து நின்றார்.

"அடுத்த வேலை கேக்குறப்ப காட்டலாம்னுதான் அந்தத் தாள்ல கையெழுத்து வாங்கினேன்க்கா. அந்த வேலை கிடைச்சு அதுல மாட்டிக்கிட்டேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு சத்தியமா தெரியாது. கையெழுத்தைப் பாத்து ஏமாந்துட்டேன்!"

இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. இரண்டே நாளில் வேலை முடிந்தது. பெண் பார்க்க வந்த அன்று நல்ல மழை. தகரத்தின் சத்தத்தில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

இன்றுவரை எங்கள் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் கரண்டு பில் வந்தாலும் யாராவது கேட்பார்கள்: "அம்மாவுக்குப் படிச்சுக் காட்டியாச்சா? பரம திருப்தியா?"

இதையும் நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதினாள். இரண்டு தடவை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அதற்கப்புறம்தான் கையெழுத்து.

மீனாட்சி.