செடி கம்பெனிக்கு, காற்று எங்களுக்கு

சந்தாபுரா
15.6.2008

மதிப்பிற்குரிய முனிகிருஷ்ணன் மாமாவுக்கு,

என் அப்பாவைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டது நீங்கள்தான். முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இங்கே யாரும் நலமாக இல்லை. நீங்கள் நலம் என்பது, என் போனை ஒவ்வொரு தடவையும் கட் செய்யும் சுறுசுறுப்பிலேயே தெரிகிறது. அதனால்தான் ரிஜிஸ்டர் தபால். இதைக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கியே பழகிய உங்களுக்கு இது புது அனுபவமாக இருக்கும்.

போன வருஷம் அக்காவையும் அழைத்துக்கொண்டு அப்பாவின் ஆனேக்கல் வீட்டுக்கு வந்தீர்கள். வழக்கமாக வாழைப்பழத்தோடு வருகிற மாப்பிள்ளை அன்று ஸ்வீட் பெட்டியோடு வந்ததுமே எனக்குச் சந்தேகம். "ஒண்ணுமில்ல மாமா, நம்ம கால் ஏக்கர்ல எங்க விதைக் கம்பெனிக்கு ஒரு சோதனை. மரபணு மாத்தின கத்திரி. புழுவே வராது. விதை, தண்ணி, மருந்து எல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்" என்றீர்கள். அந்த இங்கிலீஷ் தாள்களைப் படித்துப் பார்க்கிறேன் என்று நான் கை நீட்டினேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார். "மாப்ள குடுக்கற பேப்பரை படிச்சுப் பாத்துட்டுதான் போடணுமா? அசிங்கம்டா" என்றார். கல்யாணத்தில் நாங்கள் போட்ட நகையை உங்கள் வீட்டார் ஆசாரியைக் கூட்டிவந்து உரசிப் பார்த்தார்கள். அது அசிங்கமில்லை. பெண் வீட்டார் படித்துப் பார்ப்பதுதான் அசிங்கம். அந்தத் தாள்களில் இருந்தது இப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்: செடி, காய், விதை எல்லாம் கம்பெனியின் சொத்து, அவற்றால் வெளியே யாருக்கு என்ன நஷ்டம் வந்தாலும் நிலத்துக்காரர் பொறுப்பு. அதே மாதம் உங்களுக்குக் கம்பெனி ஜீப் வந்தது. தற்செயல் என்று அக்கா சொல்கிறாள். அக்கா நல்லவள்.

சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கி எரிக்க வேண்டும் என்று உங்கள் ஆட்கள் மண்ணெண்ணெய் கேனோடு வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். அவர்கள் எரித்தது செடியைத்தான். காய்களில் இரண்டு கூடை அதற்கு முன்பே அக்காவின் சீமந்தத்துக்குப் போய்விட்டது. வீட்டில் காய் காய்த்துக் கிடக்க, சம்பந்தி வீட்டுப் பந்திக்கு மார்க்கெட்டில் வாங்குவதாவது என்று அம்மா அனுப்பிவிட்டாள். எண்ணெய்க் கத்திரிக்காயை நீங்கள் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். சோதனைக் காயை யாரும் சாப்பிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே, வாய் நிறைய இருந்ததால் சொல்ல முடியவில்லையோ?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துத் தோட்டத்து லட்சுமம்மா, ரசாயனம் தொடாத காய்கறி விற்கிற ஒரு பெங்களூர்க் கடைக்கு வருஷக்கணக்காகக் கத்திரி போட்டுக்கொண்டிருந்தவர். கடைக்காரர்கள் அவர் காயைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். உங்கள் கம்பெனியின் மரபணு அதில் இருக்கிறதாம். உங்கள் செடி பூத்தபோது காற்றில் மகரந்தம் பறந்து போயிருக்கும் என்கிறார்கள். "ஏன் கவி, உங்கப்பன் அவன் தோட்டத்துக் காத்தை அவன் தோட்டத்துலயே கட்டி வெச்சுக்கக் கூடாதா? கடைக்காரன் பேடா, வேணாம்னுட்டான். இனிமே ஒரு காய்கூட எடுக்க மாட்டானாம்" என்று வாசலில் வந்து நின்றார். கம்பெனி மேல் வழக்குப் போடுங்கள் என்றேன். "வக்கீல் சிரிக்கறாரு. கம்பெனிக்கு சம்மன் குடுக்க எந்த மாடி ஏறணும்னே தெரியாதாம். உங்கப்பன்னா வீடு தெரியும்ல" என்றார். சம்மன் வந்த அன்று அவரே குழம்பும் கொடுத்தனுப்பினார். நஷ்டஈடு என்று தீர்ப்பானால், கொடுக்க அந்த நிலத்தைத் தவிர எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

ரெசிடென்சி ரோட்டில் இருக்கிற உங்கள் கண்ணாடி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். சட்டப் பிரிவில் ஒரு மேடம் காபி கொடுத்தார். அந்தக் கத்திரி விதையை நாங்கள் எடுத்து விதைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"வழக்குப் போடுவோம். விதை எங்க சொத்து."

"அது தானா பக்கத்துத் தோட்டத்துக்குப் போனா?"

"அது காத்து. காத்து எங்க சொத்து இல்லையே."

"யாருது மேடம்?"

"அக்ரிமெண்ட்ல உங்க அப்பா பேர்தான் இருக்கு."

அன்றிலிருந்து அப்பா காற்றைக் கண்டாலே பயப்படுகிறார். வீட்டில் ஃபேன் போட்டால் அது யார் தோட்டத்தைப் பார்த்துச் சுற்றுகிறது என்று எழுந்து போய்ப் பார்க்கிறார். லட்சுமம்மா தோட்டத்தைப் பார்த்த ஜன்னலுக்கு ஆணி அடித்துவிட்டார். மாப்பிள்ளை மேல் மட்டும் இன்னும் சந்தேகம் வரவில்லை. "அவருக்கும் தெரிஞ்சிருக்காதுடா" என்கிறார். தெரியாமலா தாளைத் திருப்பித் திருப்பிச் சரியான இடத்தில் விரலை வைத்துக் காட்டினீர்கள்?

ஆகவே கோர்ட்டுக்கு வந்து உள்ளதைச் சொல்லுங்கள். விதை கம்பெனியுடையது, சோதனை கம்பெனியுடையது, அப்பாவுக்கு ஒரு வரிகூட விளக்கவில்லை, அதனால் பொறுப்பும் கம்பெனியுடையது என்று சொல்லுங்கள். வேலை போய்விடும் என்றால், நிலம் போனால் அப்பாவுக்கு என்ன மிஞ்சும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. மருமகன் நீண்ட ஆயுளோடு வளரட்டும். பெரியவனாகும்வரை, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அவன் கையில் பேனா கொடுக்க வேண்டாம்.

மரியாதை இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும் மச்சினன்,
கவியரசன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் அம்மாவுக்குப் போனில் இதைப் படித்துக் காட்டினேன். "காத்துமில்ல ஒண்ணுமில்ல" என்றாள். "ஒரு சொத்தைகூட இல்லையே, நல்ல ஜாதியா இருக்கேன்னு நாலு காயை பழுக்க விட்டேன். விதையை சாம்பல்ல பொரட்டி காயவெச்சு நாத்து விட்டேன். லட்சுமம்மா கேட்டா, குடுத்தேன். நல்ல விதையை ஒளிச்சு வெப்பாங்களா?" இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். "என்னை யாரு கேட்டீங்க?"

மீதி விதையை உங்கள் அம்மாவின் பையில் போட்டு அனுப்பினாளாம். உங்கள் பிரேசர் டவுன் வீட்டுக்குப் போன் செய்தேன். உங்களைப் போல இல்லை, உங்கள் அம்மா உடனே எடுத்தார். "மொட்டைமாடி தொட்டியில எல்லாம் சூப்பரா காய்க்குது தம்பி. தெருவுல பாதி வீட்டுக்கு நாத்து குடுத்துட்டேன்" என்றார்.

அதனால் மேலே காற்றைப் பற்றி எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். ஒன்றுக்கு மட்டும் மறு தபாலில் பதில் வேண்டும்: அந்த மொட்டைமாடி யார் பெயரில் இருக்கிறது?